கட்டைவிரல் துணி

நவம்பர் 4, சனி

போஸ்டரைக் கிழித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கையில் இன்னும் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேருந்து நிலையச் சுவரில் வரிசையாக ஆறு ஒட்டியிருந்தார்கள். குருவம்மாளின் முகம், அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புறா, கீழே 'சமூக நல்லிணக்கத்தின் தாய் மறைந்தார்' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே கைகூப்பிக்கொண்டு பேரூராட்சித் தலைவர் விஜயரங்கன். குருவம்மாள் எந்தக் காலத்தில் யாரோடு இணங்கிப் போனாள்? முப்பத்தேழு வருஷம் கூடவே இருந்தவள் நான். ரேஷன் கடைக்காரனோடு சண்டை, தாசில்தாரோடு சண்டை, என்னோடு வாரத்துக்கு இரண்டு சண்டை. புறாவாம். அவள் வளர்த்தது ஒரு சேவல். அதுவும் ஆளைக் கண்டால் கொத்தும்.

இரண்டைக் கிழித்தேன். மூன்றாவதில் கை வைத்தபோது டீக்கடைக்காரர் வெளியே வந்து, "டைப்பிஸ்ட்டம்மா, வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என்றார். அவர் முன்னாலேயே அதையும் கிழித்தேன். மற்ற மூன்றும் எட்டவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். எழுபத்திரண்டு வயது. நேற்று அடக்கம், இன்று காலையில் பால் தெளித்தார்கள். நேற்று மழை என்பதால் வண்டியில் வைத்துப் பைபாஸ் வழியாகக் கொண்டுபோனோம். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்பதை எங்கள் பக்கத்தில் முதலில் உடைத்தவள் அவள்தான்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. தாலுகா ஆபீஸுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்து, மற்றவர்கள் சொன்னதை அடித்துக் கொடுத்தே வயது போய்விட்டது. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. வயிற்றெரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டும். இதில் கொட்டுகிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு

அரிசி ஊறப்போட்டு ஆட்ட மறந்துவிட்டேன். வீடெல்லாம் புளித்த நாற்றம். சர்ச்சுக்குப் போகவில்லை.

நவம்பர் 6, திங்கள்

அந்தப் புறாவை மறக்க முடியவில்லை. இவள் யார் என்று நானாவது சரியாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கீழத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு நேர் வழி தேரடித் தெரு. ஐந்து நிமிஷ நடை. அந்த வழியில் எங்கள் பிணம் போகக் கூடாது. ஓடையில் இறங்கி, முள்ளுக்குள் ஏறி, முக்கால் மணி நேரம் சுற்றிப் போக வேண்டும். உயிரோடு இருக்கும்போது தேரடித் தெருவில் நடந்து போய் மேல்சாதிக்காரர்கள் வீட்டுச் சாணி அள்ளலாம். செத்த பிறகு அந்தத் தெருவைத் தொடக் கூடாது.

எண்பத்தாறாம் வருஷம், ஐப்பசியில், குருவம்மாளின் அம்மா இறந்தார். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். தூக்கிப் போன நான்கு பேரில் ஒருத்தர் வழுக்கி விழ, பாடை சாய்ந்து உடம்பு தண்ணீரோடு போய்விட்டது. குருவம்மாள் குதித்து நீந்தி, அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள்.

மூன்றாம் நாள் என் கடை வாசலில் வந்து நின்றாள். நான் கீழத்தெருவில் பிறந்தவள்தான். ஆனால் அப்போதே சர்ச் தெருவுக்குக் குடிபோய்விட்டேன். கொஞ்சம் மிதப்பும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். "என்ன எழுதணும்?" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"எங்காத்தா தலமுடி எங்கையோட வந்துருச்சுன்னு எழுது" என்றாள்.

"மனுவுல அப்படியெல்லாம் எழுத முடியாதுக்கா."

"அப்ப ஒனக்கு என்னதான் எழுதத் தெரியும்?"

அன்றிலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒரு வரி படிக்கத் தெரியாதவள். கட்டைவிரல் ரேகைதான். ஆனால் அடித்ததை வாசித்துக் காட்டச் சொல்லி, எங்கே மழுப்பியிருக்கிறேனோ சரியாக அந்த இடத்தில் கையை வைப்பாள். "அவுக தெருன்னு எழுதாத. பொதுத் தெருன்னு எழுது." ஐந்து வருஷத்தில் எத்தனை மனு அடித்தேனோ தெரியாது. கடைசியில் வழக்குப் போட்டோம். தொண்ணூற்றொன்றில் கோர்ட் உத்தரவு வந்தது: தேரடித் தெரு பொதுப் பாதை, எந்த ஊர்வலமும் அதில் போகலாம். போலீஸோடு முதல் பாடை போன அன்று கல் விழுந்தது. என் இடது புருவத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

உத்தரவு வந்ததோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் என்று கூப்பிடுவார்கள். நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், 'இந்த ஒரு தடவை மட்டும்' என்பார்கள், பிறகு ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். மற்ற ஊர்களில் கோர்ட்டில் ஜெயித்ததையெல்லாம் இந்தக் காகிதத்தில்தான் தோற்றார்கள். குருவம்மாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கிளம்பும்போதே பழைய சேலைக் கரையைக் கிழித்து, மஞ்சள் தடவி, கட்டைவிரலில் கட்டிக்கொள்வாள். ரேகை கேட்டால், "அருவா பட்டுருச்சுய்யா" என்று கட்டைக் காட்டுவாள். ஒரு தாசில்தார் மட்டும் கெட்டிக்காரர். "சரி, அந்தக் கை வைம்மா" என்றார். அடுத்த கூட்டத்திலிருந்து இரண்டு கட்டைவிரலிலும் துணி.

"டீயக் குடி சௌந்தரி, அது நம்ம வரிப் பணம். பேனாவத் தொட்டுறாத" என்பாள் என்னிடம். இதற்காகவே ஆரம்பித்த கீழத்தெருச் சங்கத்துக்கு அவள் தலைவர், நான் செயலாளர். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு சமாதானக் கூட்டத்திலும் எங்கள் பக்கத்துக் கையெழுத்து விழுந்ததில்லை.

இவள் நல்லிணக்கத்தின் தாயாம்.

நவம்பர் 8, புதன்

விஜயரங்கன் வீடு தேடி வந்தான். காரை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அந்தப் பணிவைப் பார்க்கவே எனக்கு எரிந்தது. தொண்ணூற்றொன்றில் என் மேல் கல்லெறிந்தவர்களில் இவனுடைய அப்பாவும் ஒருத்தர்.

"பதினாறாம் நாள், பதினேழாம் தேதி, சமுதாயக்கூடத்துல அம்மாவுக்குப் படத்திறப்பு வைக்கிறோம்மா. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அம்மாவோட வாழ்க்கைக் குறிப்ப நீங்கதான் எழுதி வாசிக்கணும்."

"கல்லெறிஞ்சதயும் எழுதலாமா?" என்றேன்.

சிரித்தான். "பழச எதுக்கும்மா கிண்டணும்? காலம் மாறிருச்சு. மண்டல பூஜை நேரத்துல நீங்க நடந்துக்கிட்ட விதத்துலயே தெரியுதே."

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னான். அதெல்லாம் எழுத வேண்டியதில்லை. காபி கொடுக்கவில்லை. சரி, வாசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

கருத்தப்பாண்டியைக் கடைவீதியில் பார்த்தேன். பார்க்காத மாதிரி போகிறான். திமிர்.

நவம்பர் 11, சனி

கருத்தப்பாண்டி யார் என்று எழுதவில்லை. குருவம்மாளின் தங்கை மகன், நாற்பது வயது. அவளுக்குப் பிள்ளை இல்லாததால் இவன்தான் கொள்ளி போட்டான். பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்.

இவனை நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சொந்தப் பெரியம்மா செத்துக் கிடக்கும்போது இவன்தான் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஆட்களைத் திரட்டியிருக்க வேண்டும், பக்கத்து ஊர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். விஜயரங்கனின் கீழ் வேலை பார்க்கிறவன் எப்படி வாயைத் திறப்பான்? எல்லாவற்றையும் அறுபத்தேழு வயசுக் கிழவி என் தலையில் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கோழை. அவளுடைய ரத்தத்தில் இப்படியும் ஒன்று.

சாயங்காலம் கீழத்தெருவுக்குப் போனேன். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. "என்னங்கடி, சௌக்கியமா?" என்றேன். ஒருத்தி மட்டும், "இருக்கோம்" என்றாள். வழக்கமாக என்னை உட்காரவைத்து, முதியோர் பென்ஷன் மனு முதல் மருமகள் சண்டை வரை எல்லாவற்றையும் சொல்லுவார்கள். குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களுக்காகத்தான் புருவம் கிழிந்தது. நன்றி கெட்ட ஜனங்கள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தேரடித் தெருவில் விடியற்காலையிலிருந்து வெடிச் சத்தம். கீழத்தெரு துக்கம் காக்கிறது.

எனக்குத் தீபாவளி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் குருவம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் கொண்டுவருவாள். கல்லு மாதிரி இருக்கும். "பல்லு போனா என்ன, மனுவா கடிக்கப்போற?" என்பாள். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோனால், பஞ்சு மாதிரி இருக்கிறது, இதெல்லாம் ஒரு பலகாரமா என்று திட்டிக்கொண்டே மொத்தத்தையும் தின்பாள்.

மதியம் வாசலில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். யாரும் இல்லை.

நவம்பர் 13, திங்கள்

அடக்கம் நடந்த வெள்ளிக்கிழமை மழை இல்லை. நல்ல வெயில்.

நவம்பர் 14, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரியை எழுதிவிட்டு டைரியை மூடிவிட்டேன். இன்று மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்றால் எதற்குப் பொய் எழுதினேன் என்றும் தெரியவில்லை.

மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஜீப் வந்தது. பத்து நிமிஷம் போதும் என்றார்கள். கருத்தப்பாண்டியும் நானும் போனோம். அந்தப் பக்கம் விஜயரங்கனும் கோயில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் எழுந்து நின்று, "வாங்க மேடம், உக்காருங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸில் என்னை மேடம் என்று யாரும் சொன்னதில்லை. எதிர்க் கடைக்காரிதானே நான்.

கும்பாபிஷேகம் முடிந்து மண்டல பூஜை நடக்கிறது, நாற்பத்தெட்டு நாளைக்குத் தேரடித் தெருவில் பந்தல் இருக்கிறது, பிணம் போனால் பிரச்சினை ஆகும், வெளியூர் ஆட்களெல்லாம் வந்து இறங்கியிருக்கிறார்கள். இதுதான் பேச்சு. "ஒரு பெரியம்மா சாவுல நாலு சின்னப் பையங்க மண்டை உடையணுமா மேடம்? படிச்சவங்க நீங்க யோசிங்க."

எனக்குக் கல் ஞாபகம் வந்தது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்து ஒன்றும் தெரியாமல் போனது ஞாபகம் வந்தது. முந்தின ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அவள் உடம்பு முந்தின நாளிலிருந்து கிடந்தது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் மேடம் என்ற அந்த வார்த்தையும் ஒரு காரணம். அதையும் எழுதிவிடுகிறேன்.

கருத்தப்பாண்டி எழுந்து, "பெரியம்மா இருந்தா போடாது. நாங்க போட மாட்டோம்" என்றான். விஜயரங்கன் அவனைப் பார்த்த பார்வையில், அவனுக்கு நாளை வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியும் உட்காரவில்லை. நான்தான், "நீ சும்மா இருடா. ஒனக்கென்ன தெரியும்?" என்று கத்தி அவனை உட்காரவைத்தேன்.

கோழை என்று எழுதியிருக்கிறேன் அவனை. மூன்று நாளைக்கு முன்பு, நல்ல கையெழுத்தில்.

இதைவிட மோசமானதும் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்த பெண் புதுசு. வார்த்தைக்கு வார்த்தை பிழை. கையால் எழுதிய வரைவைப் பார்த்துத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷத் தொழில் வியாதி. "எந்திரிம்மா" என்று சொல்லி, நானே உட்கார்ந்து அடித்தேன். இடம் விட்டு, பத்தி பிரித்து, ஒரு தப்பில்லாமல், பத்தே நிமிஷத்தில். "பிரமாதம் மேடம்" என்றார் தாசில்தார். அதே சூட்டில் செயலாளர் என்று கையெழுத்தும் போட்டேன்.

அவள் உடம்பு நான் அடித்த காகிதத்தின்படி பைபாஸில் போனது. ஐந்து நிமிஷ வழிக்கு ஆறு கிலோமீட்டர். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனது வண்டி. கருத்தப்பாண்டி என் எதிரே உட்கார்ந்து பெரியம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு நாளைக்கு மட்டும்தானே, அந்த ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 16, வியாழன்

ஒரு நாள் இல்லை.

கீழத்தெருக் கொத்தனார் தவசி நேற்று வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. காலையில்தான் உடம்பு வீட்டுக்கு வந்தது. நாளை மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்று வழக்கம்போல ஸ்டேஷனில் தகவல் சொல்லப் போனவர்களிடம் இன்ஸ்பெக்டர் ஒரு நகலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பத்து மணிக்குத் தவசியின் மகள் பஞ்சவர்ணம் அந்தக் காகிதத்தோடு வந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. பின்னால் கருத்தப்பாண்டி.

"அத்தை, இது நீங்க எழுதிக் குடுத்ததாம்ல. இதக் காட்டித்தான் தேரடித் தெருப் பக்கம் வராதீங்கன்றாக."

"அது குருவம்மா அக்காவுக்கு மட்டும்மா. அன்னைக்கு மட்டும்."

"மூணாவதப் படிங்க."

படித்தேன். 'இனி கீழத்தெருவில் நிகழும் இறப்புகளுக்கும் இறுதி ஊர்வலத்தைப் புறவழிச் சாலை வழியாகவே கொண்டுசெல்ல முழுமனதுடன் சம்மதிக்கிறோம்.' அழகாக அடித்திருக்கிறேன். காற்புள்ளிகூடச் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் சத்தியமாக அந்த வரியை நான் இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். டைப்பிஸ்ட்டின் கண்ணும் விரலும் எழுத்தைத்தான் பார்க்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற வேலையை முப்பத்தேழு வருஷமாகக் குருவம்மாள் பார்த்தாள். அவள் வாசிக்கச் சொல்லுவாள், மழுப்பலில் கை வைப்பாள். அன்று வாசிக்கச் சொல்ல ஆள் இல்லை. செத்துக் கிடந்தாள்.

"எங்கப்பாவுக்கு வழிய அடச்சுட்டீங்களே அத்தை" என்றாள் பஞ்சவர்ணம். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலு மணிக்குச் சமாதானக் கூட்டம் என்றார்கள். கருத்தப்பாண்டி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தான். பச்சைச் சேலைக் கரை, இரண்டு துண்டு, மஞ்சள் கறையோடு. "பெரியம்மா பெட்டியில இருந்துச்சு. போறப்பக் கட்டிக்கங்க" என்றான். பதிமூன்று நாளில் அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

அவனையே கட்டிவிடச் சொன்னேன்.

"வாங்க மேடம், உக்காருங்க" என்றார் தாசில்தார்.

"நிக்கிறேன்" என்றேன்.

"நீங்களே சம்மதிச்சு, நீங்களே டைப் பண்ணிக் குடுத்ததுதானே இது?"

"ஆமா. கீழத்தெருவுல ஒருத்தரையும் கேக்காம நானாப் போட்டது. செயலாளர் தப்புப் பண்ணிட்டாள்னு எழுதிக்கங்க. கோர்ட் உத்தரவு இருக்கு. அத மாத்த எனக்கும் அதிகாரம் இல்ல, ஒங்களுக்கும் இல்ல."

"அத எழுத்துல குடுத்துக் கையெழுத்துப் போடுங்க. பேசிக்கலாம்." ஒரு காகிதத்தைத் தள்ளினார். அதில் ஏற்கெனவே நான்கு வரி அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட முடியாது. கையில அருவா பட்டுருச்சு."

விஜயரங்கன் எட்டிப் பார்த்தான். "ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டுலயும்."

டீ கொண்டுவந்த பழைய ஆபீஸ் உதவியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார். அவர் குருவம்மாளின் கட்டைப் பார்த்தவர். நான் டீயைக் குடித்தேன். சீனி அதிகம். வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர், "நாளைக்கு மூணு மணிக்குத் தேரடி முக்குல நிப்பாட்டிருவோம்மா, தேவையில்லாம வராதீங்க" என்றார்.

நவம்பர் 17, வெள்ளி

கால் வீங்கிவிட்டது. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலையில் படத்திறப்பு. சமுதாயக்கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள், முந்நூறு பேருக்குக் குறையாது. அவளால் ஒரு குழாயோ ஒரு பட்டாவோ கிடைத்த ஜனங்கள். மேடையில் அவள் படம். அந்தப் புறா அங்கேயும் இருந்தது. விஜயரங்கன் அரை மணி நேரம் பேசினான். அன்பு, அமைதி, விட்டுக்கொடுத்தல். குருவம்மாள் உயிரோடு இருந்தால் எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கியிருப்பாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் அடித்து வைத்திருந்தேன். அதை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த நகலை எடுத்தேன். கட்டைவிரலில் துணியோடு காகிதம் பிடிக்க வரவில்லை.

முதல் பத்தியிலிருந்து வாசித்தேன். மூன்றாவதை வாசித்து நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசித்தேன். பிறகு சொன்னேன்: "கீழ கையெழுத்து ஞானசௌந்தரி, செயலாளர். அது நான்தான். டைப் அடிச்சதும் நான்தான். பத்து நாளா இந்த ஊர்ல எல்லாரையும் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். குருவம்மா அக்காவ பைபாஸ்ல அனுப்புனது நான். கருத்தப்பாண்டி வேணாம்னான். நான்தான் கேக்கல."

முன்வரிசையில் ஒரு கிழவி, எந்த ஊரோ தெரியவில்லை, "அடிப் பாவி" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

விஜயரங்கன் எழுந்து ஒலிபெருக்கிப் பையனுக்குக் கை காட்டினான். சத்தம் நின்றது. எனக்கு அது தேவைப்படவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "தவசி பாடை மூணு மணிக்குத் தேரடித் தெரு வழியாப் போகுது. குருவம்மாவுக்கு மால போட வந்தவுக அங்க வரணும். மாலையப் போட்டுட்டு பஸ் ஏறுறவுக, போட்ட மாலையையும் எடுத்துட்டுப் போயிருங்க."

யாரும் உடனே எழுந்துவிடவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. அப்போது கருத்தப்பாண்டி மேடையில் ஏறினான். துப்புரவுச் சீருடையிலேயே வந்திருந்தான். விஜயரங்கனைத் தாண்டிப் போய், படத்தை ஆணியிலிருந்து கழற்றினான். புறா ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தான். படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கி வெளியே நடந்தான். அந்தக் கிழவிதான் முதலில் எழுந்தாள்.

மூன்று மணிக்குத் தேரடி முக்கில் போலீஸ் நின்றது. என் பையிலிருந்த கோர்ட் உத்தரவை இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தையும் எட்டிப் பார்த்தார். எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. போன் பேசினார், ஒதுங்கினார்.

முதலில் படம், பிறகு தவசி, பிறகு நாங்கள். தேரடித் தெருவில் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. மாடியிலிருந்து பார்த்தார்கள். ஒரு கல் விழுந்தது, யார் மேலும் படவில்லை. என் கை தானாகவே புருவத்துக்குப் போனது. பஞ்சவர்ணம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு முடியும்வரை விடவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது தெரு முழுக்கச் சாணித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தொண்ணூற்றொன்றிலும் தெளித்தார்கள். காலம் மாறிவிட்டதாம். அந்த ஈரத்தின் மேலேயே நடந்து வந்தேன்.

நவம்பர் 18, சனி

கருத்தப்பாண்டிக்கு வேலை போய்விட்டது. காலையில் ஒப்பந்தக்காரர் போனில் சொன்னாராம், காரணம் எதுவும் சொல்லாமல். நாளைக்கே மனு அடிக்க வேண்டும். அடித்ததும் வாசித்துக் காட்டுகிறேன், எங்கே மழுப்பியிருக்கிறேன் என்று நீ சொல்லு என்றேன். சரி என்றான்.

டைரியில் அவனைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன், மெதுவாகப் படித்தான். கோழை என்ற இடத்தில் நின்றான். பிறகு டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"பெரியம்மா என்ன பண்ணியிருக்கும்டா?" என்று கேட்டேன். இந்தப் பதினாறு நாளும் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"ஒங்கள வெளக்கமாத்தால அடிச்சிருக்கும் அத்தை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மனு அடிக்கக் கூப்பிட்டிருக்கும்."

அவன் போன பிறகு அழுதேன். அவள் செத்ததிலிருந்து இன்றுதான் அழுதேன்.

தவசி தேரடித் தெரு வழியாகப் போனார். குருவம்மாளின் படமும் போனது. அவள் மட்டும் போகவில்லை. அந்தத் தெருவை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவளை நான் பைபாஸில் அனுப்பினேன். மழை என்பதால் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப்போவதில்லை.

துணி இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மண்டல பூஜை இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தாசில்தார் மறுபடியும் சமாதானக் கூட்டம் வைத்திருக்கிறார்.